அந்த அக்கா விட்டுக்கொடுத்த முறை

போன கோடையில், கர்ப்பப்பைப் புற்றுநோய்க்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் எனக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கிய முதல் நாள். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போயிருந்தேன்.

சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதுதான் மெஷினில் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிடும், அதன்மேல் கதிர் அதிகம் படாது. காலியாக இருந்தால் குடல் கீழே சரிந்து மாட்டிக்கொள்ளும். புண்ணானால் வருஷக்கணக்கில் படுத்தும் என்றார். கேட்டதிலிருந்து எனக்கு ஒரே பயம்.

ஆனால் பஸ் ஏறுகிற அன்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். வழியில் ஒதுங்க இடம் ஏது? அன்றும் வறண்ட வாயோடு போய் இறங்கி, பேருக்கு நாலு மடக்கு குடித்துவிட்டுப் படுத்தேன். படம் எடுத்துப் பார்த்த டெக்னீஷியன் இறக்கிவிட்டார். "குடல் பூரா கீழதான் கெடக்குக்கா. நல்லாக் குடிச்சிட்டு வாங்க."

பயத்தில் பாட்டிலை மடமடவென்று காலி செய்தேன். நேரம் பார்த்து மெஷின் நின்றுபோனது. இந்தா சரியாகிவிடும், அந்தா சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு முட்ட ஆரம்பித்தது. காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், சுவரில் சாய்ந்தேன்.

ஒருவழியாக மெஷின் ஓடியபோது எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். சமயநல்லூரிலிருந்து வருவதாகச் சொன்ன ஒரு அக்கா. சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். இனித் தாங்காது, போய்விட்டு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று அழுகையோடு கழிப்பறைப் பக்கம் திரும்பினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டுப் போற? இம்புட்டு நேரம் அடக்குனத வீணாக்காத. என் முறைல நீ உள்ள போ."

"உங்களுக்குக்கா?"

"நான் இருந்துக்கிருவேன். போ தங்கச்சி."

அவருக்கு அவசரமில்லை போல என்று நினைத்து ஓடினேன். இந்தத் தடவை படம் சரியாக வந்தது. இருமினால்கூட எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

முடிந்ததும் விழுந்தடித்துக் கழிப்பறைக்குப் போனால், உள்ளேயிருந்து அந்த அக்கா வருகிறார். முகமெல்லாம் வெளுத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி. அவருக்கும் அவ்வளவு நேரமும் முட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது; நான் வெளியே வரும்வரை தாங்கவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"உனக்கு முத நாளு. எனக்குப் பழகிருச்சு, மறுபடி குடிச்சாப் போச்சு."

வெளியே அவர் ஊர் ஷேர் ஆட்டோ ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதல் மடக்கைக் குடித்தார்.

என் சிகிச்சை முடிந்துவிட்டது. அந்த நாட்களில் குடித்து அடக்கிப் பழகியதில், இப்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைரியமாகத் தண்ணீர் குடிக்கிறேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை; ஆனால் சாப்பிட்ட சோறு தொந்தரவில்லாமல் செரிக்கிற ஒவ்வொரு நாளும், அந்த அக்கா தன் முறையோடு சேர்த்து எனக்குக் கொடுத்தது இதைத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.