கன்னம் தீட்டும் ஹெப்சிபா

பத்திரிகை முதலாளி பில்பீமுக்கு இரண்டு பவுன் எட்டு ஷில்லிங் கடன்பட்டிருந்த மாதங்களிலும் ஹெப்சிபா ஸ்ட்ரவுட் கன்னத்தை மட்டும்தான் தீட்டினாள். வண்ண மேசையின் கடைசி நாற்காலி அவளுடையது. தொப்பிக்கு நீலம், கவுனுக்கு மஞ்சள், செருப்புக்குப் பச்சை என்று மற்ற எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு வண்ணம் போட்டுத் தள்ளிவிட, அச்சுப் படத்தில் வெளிறிக் கிடந்த சீமாட்டி கடைசியாக அவளிடம் வருவாள். தூரிகையை உதட்டில் கூராக்கி இரண்டே தொடல். “இப்பத்தான்டி இவளுக்கு உசுரு வந்துச்சு” என்பாள்.

ஸ்ட்ராண்ட் தெருவின் பின்சந்தில் மூன்றாம் மாடி. புது மோஸ்தர் உடுப்புகளைக் காட்டும் அந்த மாதப் பத்திரிகைக்கு, படம் அச்சடிக்கும் செப்புத் தகடு கொடுப்பது வெறும் கோடு. மிச்சமெல்லாம் இந்த மேசைதான். லண்டனில் வண்ண மேசைகள் ஐம்பது இருக்கட்டும். சொன்ன நாளில் ஐந்நூறு படம் கொடுக்கும் மேசை ஒன்றுதான். ஹெப்சிபாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பளத் தாளில் சிலுவைக் குறி போடுவாள். அதற்காகத் தலை குனிந்தவளும் இல்லை. “பன்னெண்டு வயசுல தெருத்தெருவா சிப்பி வித்தவ நான். இன்னிக்கு டச்சஸம்மா என்ன கலர்ல வெளிய போகணும்னு நான் சொல்றேன்!”

மேசையில் டீ கூடாது என்பது அவள் சட்டம். அவளுடைய குவளைக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது.

மார்ச் மாதத்தில் அந்தக் குவளையிலிருந்து ஒரு சொட்டு, நடுவில் நிறுத்தியிருந்த மாதிரிப் படத்தின் கவுன் ஓரத்தில் விழுந்து, பழுப்பு இலைபோலக் காய்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் மஞ்சள் போடும் ஜெமைமா, மாதிரியில் உள்ளதுதான் படத்தில் என்று பழகியவளாயிற்றே, பழுப்பைக் குழைத்து ஐந்நூறு கவுனிலும் அந்த இலையைப் போட்டுவிட்டாள். ஐந்நூறும் ஹெப்சிபாவின் கையைத் தாண்டித்தான் போயின. அவள் பார்த்தது கன்னத்தை.

முந்நூறு பிரதி வீடுகளுக்குப் போனபிறகுதான் பில்பீம் படியேறி வந்து கத்தினார்: “கவுன்ல என்னம்மா இது, சேறா?”

மஞ்சள் கிண்ணத்தைப் பார்த்து ஜெமைமாவின் பக்கம் திரும்பினார். ஹெப்சிபா மாதிரியைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள். “என் டீங்க மொதலாளி. அவள விடுங்க.”

காகித விலை, அச்சுக் கூலி எல்லாம் சேர்ந்து நாற்பத்தெட்டு ஷில்லிங், அதாவது இரண்டு பவுன் எட்டு, அவள் தலையில் விழுந்தது. “கடன் தீர்ற வரைக்கும் கூலி ஒசத்துற பேச்சு இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது” என்றும் சொல்லிவிட்டார். நூறு படத்துக்கு ஆளுக்கு ஐந்து ஷில்லிங், ஒன்பது பேருக்கும். பதினோரு வருடமாக அதே ஐந்து. அவளுக்கு வலித்தது அந்த இடத்தில்தான்.

மே மாதம் தையற்கடைக்காரிகள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழுப்பு இலை வைத்த கவுன்தான் வேண்டுமென்று சீமாட்டிகள் அடம்பிடிக்கிறார்களாம். ஒதுக்கிவைத்த இருநூறு பிரதியும் இரட்டை விலைக்குப் போயின.

“அக்கா, அடுத்த மாசம் பீர் ஊத்திப் பாரேன்” என்றாள் ஜெமைமா.

“ஊத்துவேன்டி, ஒன் தலையில.”

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பில்பீம் சிரித்துக்கொண்டே வந்தார். “அந்தக் கடன மறந்துடும்மா. ஒன் டீ எனக்கு லாபந்தான். நமக்குள்ள என்ன கணக்கு?”

ஹெப்சிபா தூரிகையைக் கழுவி வைத்தாள். “லாபம் ஒங்க அதிர்ஷ்டம் மொதலாளி. தப்பு என்னுது. நீங்க மறந்துட்டா நான் நன்றி சொல்லணும். நன்றி சொன்ன வாயால கூலி கேக்க முடியாது. கைய நீட்டுங்க. இத வாங்கிக்கிட்டதும் பேசலாம், நூத்துக்கு ஏழு ஷில்லிங்.”

“ஏழா?”

“நீட்டுங்க.”

ஏழு மாதமாகப் பன்றி இறைச்சி வாங்காமல் கைக்குட்டையில் முடிந்து வைத்ததை அவிழ்த்தாள். எட்டுத் தூரிகைகளும் நின்றன. ஒவ்வொரு ஷில்லிங்காக, வாய்விட்டு எண்ணி, அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனாள். குவியல் சரியப் பார்க்க, பில்பீம் மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தார். அவள் அவசரப்படவில்லை.

“நாப்பத்தியேழு… நாப்பத்தியெட்டு.”