அனிலின் கொதித்த பக்கம்

எனக்குக் கெமிஸ்ட்ரி நடத்தியவர்களில் ஒருவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கொடைக்கானலில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். வடகவுஞ்சியிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வருவேன். வீட்டில் பூண்டு அறுவடை நடந்துகொண்டிருந்தபோது மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தார் அந்த சார். முதல் நாளே என் பக்கம் வந்து மூக்கைச் சுளித்தார். "ஏம்மா, பூண்டு மூட்டைய வாசல்லயே எறக்கி வச்சிட்டு வரக்கூடாதா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

ஆனால் லேபில் என்னை யாரும் அசைக்க முடியாது. டைட்ரேஷனில் ஒரு சொட்டு முன்னே பின்னே போகவிட மாட்டேன். அந்தக் கொழுப்பு எனக்கு நிறையவே உண்டு. அதனால்தான் அனிலின் என்ற திரவத்துக்குக் கொதிநிலை பார்க்கச் சொன்ன அன்று வம்பு வந்தது. புத்தகத்தில் நூற்று எண்பத்து நான்கு டிகிரி. எனக்கு நூற்று எழுபத்து நான்கிலேயே குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பிவிட்டன. திரும்பச் செய்தேன், அதேதான். மற்றவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே புத்தகத்தைப் பார்த்து எழுதி முடித்திருந்தார்கள். நான் தெர்மாமீட்டர் சொன்னதை எழுதினேன்.

சார் என் ரெக்கார்டில் கையெழுத்துப் போடவில்லை. நூற்று எண்பத்து நான்காக மாற்றிக்கொண்டு வந்தால் போடுவாராம். நான் மெதுவாகத்தான் சொன்னேன். மலைமேல் காற்றழுத்தம் குறைவு, அதனால் எதுவும் சீக்கிரமே கொதித்துவிடும், எங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பே வேகாது என்றேன்.

"இது லேப். ஒங்கம்மா அடுப்படி இல்ல. வெளிய போ."

என் அம்மாவை இழுத்தார் பாருங்கள், அங்கேதான் முடிவு செய்தேன். இருங்க சார், உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே வெளியேறினேன். அப்புறம் அவரிடம் போய் நிற்கவே இல்லை.

கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் தேர்வுக்கு விடமாட்டார்கள். அப்பா முன்பே சொல்லியிருந்தார், ஒரு அரியர் விழுந்தாலும் படிப்பு போதும், தாண்டிக்குடி மாமன் மகனுக்குத் தேதி குறித்துவிடுவோம் என்று. தோழிகள் மாற்றி எழுதிவிடு என்று கெஞ்சினார்கள். ரப்பரைக்கூட ஒருத்தி நீட்டினாள். செத்தாலும் மாட்டேன் என்றேன்.

தேர்வு நாளில் வாசலிலேயே மறித்தார். வெளியூரிலிருந்து எக்ஸாமினராக வந்திருந்த மேடத்திடம், இந்தப் பெண்ணின் ரெக்கார்டு முடியவில்லை, அனுப்பிவிடலாம் என்றார். மேடம் ரெக்கார்டைக் கேட்டு வாங்கினார். புரட்டிக்கொண்டே வந்தவர் கையெழுத்தில்லாத பக்கத்தில் நிறுத்தினார். ஏன் பத்து டிகிரி குறைகிறது என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். முடிய விடுவேனா?

"மேடம், வெறும் தண்ணியக் கொதிக்க வச்சுப் பாத்தாத் தெரியுங்க. சாரே வைக்கட்டும்."

சார் சிரித்துக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டது. தீயைக் கூட்டினார். வேறு தெர்மாமீட்டர் வைத்தார். அதுவும் அங்கேயே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. அப்பாடா, எத்தனை நாள் எரிச்சல்! ஆசை தீரப் பார்த்தேன்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களின் ரெக்கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இங்க தண்ணியே நூறுக்கு வரல. இவங்க எல்லாருக்கும் நூத்தி எம்பத்தி நாலு எப்படி சார் வந்துச்சு?"

அத்தனை ரெக்கார்டும் அவர் கையெழுத்துப் போட்டவை. தேர்வு முடிந்ததும் எல்லாரையும் திரும்பச் செய்யவைத்து, சாரே பக்கத்தில் நின்று அளவு பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். தோழிகள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டுமே. பார்க்காமல் எழுதியது நானா?

பிறகு மேடம் என் ரெக்கார்டை சார் பக்கம் தள்ளினார். "இந்தப் பொண்ணுக்குப் போட்டுக் குடுங்க, வெரசா உள்ள வரட்டும்." சார் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

தேர்வுக்கென்று வாங்கிய புதுப் பேனா என் கையில் இருந்தது. மூடியைத் திருகி மூடினேன்.

"எனக்கு வேணுங்க சார்" என்றேன்.

அவர் மாணவர்களுக்கு நடுவே நடந்துபோய், ஒவ்வொருவரிடமாகப் பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.