காலை முன்னால் விட்டு

இராணுவத்தில் நேர்ஸாக இருப்பவளுக்கு மலையில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மலைநாட்டுக்குப் போகும் மீட்புக் குழுவில் எனக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சோதனையில் தவறினால் மறுபடியும் வார்டில் பஞ்சு உருட்டும் வேலைதான்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பாறைக் குன்றில்தான் சோதனை. கால் முறிந்தவரை ஸ்ரெச்சரில் கட்டிக் கீழே இறக்க வேண்டும். என் அணிக்கு நான் பொறுப்பு. நோயாளியாக நடிக்க வந்தவர் முகாம் குசினியில் சமைக்கும் கட்டைபறிச்சான் ஊர்க்கார அண்ணை. தான் சமைப்பதையெல்லாம் தானே ருசி பார்த்து வளர்ந்த உடம்பு.

சரிவில் இறக்கும்போது கால் முன்னால் போக வேண்டும், தலை மேட்டுப் பக்கம். கட்டி முடித்ததும் அண்ணை மறுத்துவிட்டார். காலை முன்னால் விட்டுப் பிணத்தைத்தானே எடுப்பார்கள், தனக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். தூக்க நின்ற என் அணிப் பெண்களும் கையை எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆளைத் திருப்பினேன். தலைகீழாகப் பத்தடி போவதற்குள் அவர் முகம் சிவந்து வீங்கிவிட்டது. சோதனைக்குப் புள்ளி போடக் கீழே நின்ற டொக்டர் விசில் ஊதினார். இன்னொரு பிழை விட்டால் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அண்ணை, பிணம் பாடுறதை எங்கையும் கண்டிருக்கிறியளோ? கீழ போய்ச் சேருமட்டும் பாடிக்கொண்டு வாங்கோ."

அவர் கொஞ்சம் யோசித்தார். ஓம், அது சரிதான் என்றார். ஆளைத் திரும்பவும் கால் முன்னால் வைத்தோம். களத்தில் நெற்கதிரைப் பரப்பிச் சூடு மிதிக்கும்போது மாடுகளை ஓட்டப் பாடும் பாட்டைத் தொடங்கினார். குரல் அப்படியொன்றும் இனிமையில்லை. நான் மேலே நின்று ஸ்ரெச்சரின் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

செங்குத்தான இடத்தில் பாட்டு நின்றது. பெண்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு ஓடி இறங்கினேன். உடம்பு வழுக்கியதில் நெஞ்சுப் பட்டி அவர் தொண்டைக்கு ஏறியிருந்தது. அதைத் தளர்த்தினேன். இருமி முடித்து, "மிஸி, எந்த இடத்தில விட்டனான்?" என்று கேட்டார்.

கீழே வந்ததும் டொக்டர் கடுமையாக விசாரித்தார். பத்தடிக்கு ஒருதரம் நோயாளியின் மூச்சைப் பார்க்க வேண்டுமே, பார்த்தாயா என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பாக்கேல்லை, சேர். கேட்டுக்கொண்டு வந்தனான்."

என் தாளில் பாஸ் என்று எழுதினார். பிறகு அடுத்த அணியின் நோயாளியைக் கூப்பிட்டு, பாட வருமா என்று கேட்டார்.