சுவருக்குள் கசியும் குழாய்

தலத்தெருப் பஞ்சநாதனுக்கு கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. கசிவு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது சுஹைனா வீட்டில்தான்.

நோன்பு மாதம். "அடுப்படியில அழுகின வாடை வருதுண்ணே" என்று சுஹைனா கூப்பிட்டிருந்தாள். அவள் மாமியார் கமருன்னிசா, பரணில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, தினமும் தணல் போட்டுச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"எலியில்லம்மா, கேஸு! அதுல நெருப்பைக் கொண்டாந்து வைக்கிறீங்களே!" பஞ்சநாதன் தணல் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார்.

வீட்டுக்குள் சிலிண்டர் இருந்தால் கமருன்னிசாவுக்குத் தூக்கம் வராது. அதனால் மகன் அஸ்கர் ஷார்ஜாவிலிருந்து பணம் அனுப்பி, சிலிண்டரைக் கொல்லையில் கம்பிக் கூண்டுக்குள் வைத்து, சுவருக்குள் செப்புக் குழாய் பதித்து, மேலே புது டைல்ஸ் ஒட்டச் செய்திருந்தான். பஞ்சநாதன் வெளியே தெரிந்த இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழிகூட எழவில்லை. பிறகு குழாயை இரு முனையிலும் அடைத்து, அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினார். முள் மெல்ல இறங்கியது. கசிவு சுவருக்குள்.

சுஹைனா வீடியோவில் கணவனைப் பிடித்தாள்.

"டைல்ஸை உடைக்கிறதா? நானே இன்னும் நேர்ல பாக்கலண்ணே."

"அப்ப சுவர் மேலயே புதுக் குழாய் ஓட்டிடுறேன் தம்பி."

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நுரைதான் வரலியே? பெருநாளைக்கு வர்றேன், பாத்துக்கலாம்."

பஞ்சநாதன் சிலிண்டரை அடுப்புப் பக்கம் தூக்கிவந்து ரப்பர் குழாயில் இணைத்தார். சுவர்க் குழாயின் இரு வாயையும் அடைத்தார். "பெருநாள் வரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்று கமருன்னிசாவிடம் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அந்தப் பக்கம் போனார். சிலிண்டர் மறுபடி கொல்லைக் கூண்டுக்குள் இருந்தது. சிலிண்டர் போடுகிற ஆளைக் கூப்பிட்டுச் சுவர்க் குழாயிலேயே திரும்ப இணைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே சாம்பிராணிப் புகை வந்தது. வாசல் கதவைத் தட்டினார். யாரும் வரவில்லை. கொல்லைப்பக்கம் ஓடி ரெகுலேட்டரை மூடினார்.

சுஹைனா கரண்டியோடு வெளியே வந்தாள். "கேஸ் தீந்துடுச்சாண்ணே?"

"நான்தான் மூடுனேன்."

"ஐயோ, நோன்பு திறக்க நேரமாச்சு, கஞ்சி பாதியில நிக்குது! சிலிண்டர் உள்ள இருந்ததுல மாமி நேத்து ராத்திரி பூரா கண்ணு மூடல. நான் என்ன செய்யட்டும்?"

"தணலையாவது வெளியில வைக்கச் சொல்லும்மா."

"சொன்னா கேக்குறாங்களா? இன்னும் எலி வாடைதாங்கிறாங்க."

அவள் குனிந்து ரெகுலேட்டரைத் திருகினாள். தடுக்க நீண்ட கையைப் பஞ்சநாதன் இழுத்துக்கொண்டார். அது அவள் வீடு. உள்ளே அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கஞ்சி இறங்கும்வரை அவர் கூண்டின் ஓரத்திலேயே, ரெகுலேட்டர்மேல் கை வைத்தபடி, குந்தியிருந்தார்.