அவன் இல்லாதபோது கேளுங்கள்

என் வீட்டுக்காரரைச் சுட்டது அடுத்த வீட்டுக்காரன். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான். பன்றி வந்து மரச்சீனிக் கிழங்கைக் கிளறுகிறது என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸ் வாங்கினான். அதைக் காட்டி டவுன் கடையில் துப்பாக்கி வாங்கினான். கடைக்காரர் பேப்பரைப் பார்த்தார், கொடுத்தார். அவருக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் அவன் மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டது. அது புதிதில்லை. அன்றைக்கு அதிகமாக இருந்தது. இவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு விலக்கப் போனார். திரும்பி வரவில்லை. அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அவன் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அதற்குப் பிறகு எதுவும் கூப்பிடவில்லை. கோபமா என்றால் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் துணி காயப்போடுவாள். இந்தப் பக்கம் நான். பேச்சு இல்லை.

கல்லாறு ஊரில் ஒருவருக்கு மகன் போய்விட்டான். யாரோ பன்றி என்று நினைத்துச் சுட்டது. அவர் என் கொழுந்தனைத் தேடி வந்தார். இப்படி ஆள் போன வீடுகள் இன்னும் சில சேர்ந்தன. துப்பாக்கி கொடுப்பதற்கு முன்னால் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று மனு எழுதினோம். செக்ரட்டேரியட்டில் ஒரு அதிகாரியைப் பார்க்க நேரம் கிடைத்தது.

முந்தின நாள் அவள் வேலி அருகே வந்தாள். "நானும் வரட்டா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. உள்ளே இருந்த கொழுந்தன் கேட்டுவிட்டான்.

"அவ எதுக்கு மதினி? அவளாலதான அண்ணன் போச்சு. வரண்டாம்னு சொல்லு."

அதையும் நான் சொல்லவில்லை. காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் கல்லாற்றுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். "பன்னியச் சுட பஞ்சாயத்துல ஆயிரம் கேள்வி கேக்கான். துப்பாக்கி வாங்க போலீசுக்கு ஒரு சாயா போதும்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அதிகாரி நல்ல மாதிரி. நாற்காலி போடச் சொன்னார். எல்லாம் கேட்டார். பிறகு, "அன்வேஷணம் உண்டல்லோ" என்றார். விசாரணை இருக்கிறது, போலீஸ் வீட்டுக்கே போய் விசாரித்துத்தான் லைசென்ஸ் தருகிறோம் என்றார்.

அது நிஜம். அடுத்த வீட்டுக்கும் போலீஸ் வந்தது. முன் அறையில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆள் எப்படி என்று கேட்டார்கள். அவன் பக்கத்தில்தான் நின்றான். "குழப்பமில்ல சாரே, நல்ல ஆளுதான்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். பின்னே என்ன சொல்வார். விடிந்தால் ஒரே வேலி. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்வது. அவள் சாயா கொண்டுவந்தாளாம். போலீஸ்காரர் அவளிடம் கேட்டது சர்க்கரை போட்டாச்சா என்று மட்டும். இவர் அன்று வீட்டில் வந்து சொன்னது.

"அம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி என்னைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்.

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனதில் கூட்டி வைத்திருந்தேன். எழுந்தேன். அவள் கதவு ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி தரவில்லை.

"சாரே, எனக்குப் பதிலா அவங்க சொல்லட்டும்" என்றேன்.

"மதினி" என்றான் கொழுந்தன், மெதுவாக. நான் உட்கார்ந்துவிட்டேன்.

யார் என்று அதிகாரி கேட்டார்.

"சுட்டவருக்க பெண்டாட்டி. விசாரிக்க வந்த போலீசு எங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல" என்றாள்.

அதிகாரி மனுவிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அன்னைக்குப் போலீஸ் உங்ககிட்ட கேட்டிருந்தா, அவர் அடிக்கிறதைச் சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

கொழுந்தன் மூக்கால் சிரித்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அவரு பக்கத்துல நிக்காருல்லா. சாயா குடிச்சிட்டு போலீசு போயிரும். நான் அங்கதான கெடக்கணும். அவரு இல்லாதப்ப கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரியில வச்சோ, ரேஷன் கடையில வச்சோ, எங்க வச்சு கேட்டாலும் சொல்லியிருப்பேன். இவ மாப்பிள்ளையும் சொல்லியிருப்பாரு."

"தனியா" என்றார் அதிகாரி. மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் கொழுந்தன், "இத மனுவுலயே எழுதியிருக்கலாம்" என்றான்.

"அவ வாறதே உனக்குப் பிடிக்கல்ல. இதுல எழுதியிருப்பானாம்" என்றார் கல்லாற்றுக்காரர். கொழுந்தன் முன்னால் நடந்தான்.

இடம் கிடைக்கட்டும் என்று தம்பானூர் பஸ் நிலையம் வரை நடந்துபோய் பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்தது.

"அக்கா, ஷட்டர இறக்கு. சாரல் அடிக்கி" என்றேன்.

இறக்கினாள். வித்துராவில் இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினோம்.

உத்தரவு இன்னும் வரவில்லை. மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறோம். லைசென்ஸ் கேட்கும் ஆளின் வீட்டுப் பெண்ணிடமும் அக்கம்பக்கத்திலும், அவன் இல்லாதபோது தனியாகக் கேட்க வேண்டும் என்று. மறுபடி போகும்போது அவள் முதலில் பேசட்டும் என்று கொழுந்தனே சொல்லியிருக்கிறான்.