வலென்சியாவில் அடிப்பிடித்த சோறு

ஸ்பெயினில் வலென்சியா என்ற ஊருக்குப் போய்வந்தோம் என்றதும், கோவில்பட்டியில் பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன பாத்தீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்த்ததைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், லீவு போட்டு எங்களை அந்தக் கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனாள். இவர் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். அங்கே பத்துப் பேரை அதட்டிய வாய் அந்த ஊரையும் சும்மா விடவில்லை. பழைய சர்ச் கோபுரத்தைக் காட்டினால், “ஏறி எறங்க ஆளு வேற பாரு” என்றார். கடலைக் காட்டினால், “திருச்செந்தூருல இல்லாத கடலா?” என்றார். பிள்ளை முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் காட்டினாலும் கடைசியில் ஒரே கேள்விதான், “சோறு எங்கன கெடைக்கும்?”

“இந்த ஊரே சோத்துக்குப் பேர்போனதுப்பா” என்று கடற்கரை ஓரம் ஒரு ஓட்டலில் உட்காரவைத்தாள். அந்தச் சோற்றுக்குப் பேர் பாயேயா என்றாள். அகலமான இரும்புச் சட்டியில் மஞ்சள் நிறச் சோறு, கோழிக்கறி, அவரைக்காய். சட்டியை மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மரக்கரண்டி கொடுத்துவிட்டுப் பரிமாறுகிறவன் போய்விட்டான். அவரவர் பக்கத்தை அவரவர் சட்டியிலிருந்தே சாப்பிட வேண்டுமாம்.

“எல்லாரும் எச்சிக் கரண்டிய ஒரே சட்டிக்குள்ள விடுததா? சீ! தட்டு கொண்டாரச் சொல்லு” என்றார் இவர்.

தட்டு வந்தது. பரிமாறும் வேலை யாருக்கு வரும்? ஸ்பெயினுக்கே போனாலும் எனக்குத்தான். நல்ல கறியும் மேல்சோறும் அவருக்கு, பிறகு மகளுக்கு. எனக்கு மிஞ்சியது அடியில் ஒட்டிக் கருகின காந்தல். யாரும் சொல்லாமலே அதைச் சுரண்டி என் தட்டில் போட்டுக்கொண்டேன். பானையின் அடி பொம்பளைக்கு என்று எந்தக் கோர்ட்டில் தீர்ப்பு சொன்னார்களோ தெரியவில்லை, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் தின்றுவருகிறேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் சமைத்தவனைச் சும்மா விட முடியுமா? “ஏட்டி, அவனக் கூப்பிட்டுக் கேளு. அடிப்பிடிக்கிற வரைக்கும் எங்கன பராக்குப் பாத்துக்கிட்டு நின்னானாம்?” என்றேன்.

மகள் கேட்டாள். பரிமாறுகிறவன் என் தட்டைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். மகளும் சிரித்தாள்.

“வேணும்னேதான் கடைசியில தீயைக் கூட்டி முறுக விடுவாங்களாம்மா. இதுதான் இருக்கதுலயே ருசியாம். வீட்டுல இதுக்குத்தான் சண்டையே நடக்குமாம்.”

“அப்படியா?” என்றார் இவர். மறுநிமிடம் அவர் வாயில் இருந்த கரண்டி என் தட்டுக்கு வந்துவிட்டது. “இங்கன கொஞ்சம் தள்ளு.”

இப்போது எச்சில் இல்லையாம்! வந்ததே எனக்குக் கோபம். தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“கையை எடுங்க. தீஞ்சதுன்னு நெனச்சப்ப எனக்குன்னு விட்டீங்கல்லா? நல்லதுன்னு தெரிஞ்ச பொறவும் எனக்குத்தான்.”

“அப்படிப் போடும்மா!” என்றாள் மகள்.

“ஒரு வாய் கேட்டது குத்தமா?” என்று முனகினார். கறுக்முறுக்கென்று மென்றேன். உப்பும் கறியின் நெய்யும் இறங்கி, அப்படி ஒரு ருசி. பாவமாவது ஒன்றாவது, ஒரு பருக்கை கொடுக்கவில்லை.

நான் தின்று முடிக்கிறவரை அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.