நல்லது கெட்டது சமையல்

பாபநாசம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஆரம்பத்தில் ஜெராக்ஸும் டிடிபியும்தான். கல்யாணப் பத்திரிகையும் அடிப்பேன், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்பேன். பிறகு எல்லோரும் வெப்சைட் கேட்டார்கள், கற்றுக்கொண்டேன். மேப்பில் கடை தெரிய வேண்டும் என்றார்கள், அதையும் கற்றுக்கொண்டேன். அப்புறம் முகநூல் பக்கம், வாட்ஸ்அப், ரீல்ஸ். ஒவ்வொன்று வரும்போதும் இதுதான் கடைசி, இதற்குமேல் எதையும் புதிதாகப் படிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது, கழுத்து வலி நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. இந்த நிலையில் ஒருவர் வந்து, "ஏஐ கிட்ட கேட்டா நம்ம பேரைச் சொல்லணுமாம்க்கா, அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டபோது, ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

கேட்டவர் சமையல் மாஸ்டர். பக்கத்துக் கிராமம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கூடமாட வேலை செய்ய அவர் தெருப் பெண்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, சொந்தமாகச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறவர். அவருடைய போர்டை நான்தான் அடித்துக் கொடுத்தேன். 'நல்லது கெட்டது அனைத்துக்கும் சைவச் சமையல் செய்து தரப்படும்' என்பது அதன் வாசகம். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். நல்லது என்றால் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. கெட்டது என்றால் சாவு, அதற்குப் பிறகு வருகிற பதினாறாம் நாள் காரியம். கெட்டதுக்குப் பாகற்காய் உண்டு, நல்லதுக்குக் கிடையாது. மற்றபடி அதே அடுப்பு, அதே அண்டா, அதே கை.

முன்பெல்லாம் அவருக்கு விளம்பரமே தேவைப்பட்டதில்லை. ஒரு பந்தியில் சாப்பிட்டவர் அடுத்த வீட்டில் சொல்வார், அவ்வளவுதான். இப்போது சொல்வதற்கு ஆள் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஊரில் ஆள் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள், நிலம் குத்தகையில் கிடக்கிறது. வீட்டில் என்ன நடந்தாலும் அங்கிருந்தே போனில் ஏற்பாடு செய்கிறார்கள். அந்தப் போன் யார் பேரைச் சொல்கிறதோ அவருக்குத்தான் ஆர்டர். வைகாசி முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின, மாஸ்டருக்கு ஒன்றிரண்டுதான் வந்தது. அதற்குள் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் காண்ட்ராக்டர், தன்னிடம் வந்து சம்பளத்துக்கு நிற்கச் சொல்லிவிட்டார்.

"போனா அங்க நானும் ஒரு ஆளு, அவ்வளவுதான். என் பேரு போயிடும்க்கா. கூட வர்ற பொம்பளைங்களையும் அவங்க சேத்துக்க மாட்டாங்க" என்றார். பேரைத்தான் அவர் முதலில் சொன்னார். அதனாலேயே சரி என்றேன்.

அவர் எதிரிலேயே போனை எடுத்து, பாபநாசம் பக்கத்தில் நல்ல சைவச் சமையல் காண்ட்ராக்டர் யார் என்று கேட்டேன். வேறு யார் யார் பேரோ வந்தது. சரி, இவருடைய பேரையே போட்டுக் கேட்போம் என்று கேட்டேன். அது மரியாதையான தமிழில் இப்படிச் சொன்னது: 'இவர் சைவ உணவு சமைத்து வழங்குகிறார். எனினும், உணவு கெட்டுப்போனதாகச் சில வாடிக்கையாளர்கள் குறிப்பிட்டுள்ளனர்.'

மாஸ்டர் என் கையிலிருந்து போனை வாங்கி, தானே ஒருமுறை படித்தார். "என் சமையல்ல ஒரு கரண்டி சாம்பார் ஊசிப் போனதுன்னு யாராச்சும் சொல்லட்டும்க்கா, இன்னையோட அடுப்ப அணைச்சுடறேன்" என்றார்.

யார் எழுதியிருப்பார்கள் என்று தேடினோம். மேப்பில் இருந்த கருத்துகளைப் படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. 'எங்கள் வீட்டுக் கெட்டதுக்கு இவர்தான் சாப்பாடு, சொன்ன நேரத்துக்கு வந்தது' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'கெட்டது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவரைக் கூப்பிடலாம்' என்று இன்னொருவர். எல்லாம் பாராட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மனிதன் சோற்றில் கை வைக்கும்முன் அது கெட்டதா என்று பார்க்கிற ஊரில், ஒரு சமையல்காரருக்கு இதைவிடப் பெரிய பழி வேறு என்ன இருக்கிறது?

இந்த வேலையின் சூட்சுமம் ஒன்றும் பெரிதல்ல. அந்த யந்திரம் சாப்பிட்டுப் பார்க்காது. எழுதிவைத்திருப்பதைப் படித்துவிட்டு ஒப்பிக்கும். ஆகவே எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். மாஸ்டருக்கென்று ஒரு பக்கம் தயார் செய்து, என்னென்ன சடங்குக்குச் சமைப்பார், எந்தெந்த ஊருக்குப் போவார் என்று விளக்கமாக எழுதினேன். 'கெட்டது' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். மேப்பில் எழுதியவர்களிடமும் அந்தச் சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்கும்படி அவரிடம் சொன்னேன்.

"துக்கம் நடந்த வீட்டுக்குப் போன் போட்டு, அந்த வார்த்தைய மாத்திக் குடுங்கன்னு எந்த வாயால கேக்கறது?" என்றார்.

அவரால் முடியாதது என் தலையில் விழுந்தது. நான் கூப்பிட்டேன். அது என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. துபாயில் இருந்த ஒருவர், நான் விஷயத்துக்கு வருவதற்குள் அவருடைய அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கடைசி நாட்களில் அம்மா வெறும் ரசம்சாதம்தான் கேட்டாராம், வேறு எதுவும் இறங்கவில்லையாம். நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். துக்கம் கேட்கப் போன இடத்தில் ஸ்டார் கேட்டு நிற்கிறவளைப் போல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அவரும் கோபிக்கவில்லை. அன்றைக்கே புதிதாக, நீளமாக எழுதிவிட்டார்: அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாஸ்டர் எப்படி வந்து நின்றார், அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எப்படிச் சமைத்தார் என்று. இப்படியே ஒவ்வொருவராக மாற்றி எழுதினார்கள். அத்தனையும் மனசிலிருந்து வந்த எழுத்து.

கல்யாண வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். "கண்டிப்பா எழுதறோங்க, ரொம்பத் திருப்தியா இருந்துச்சு" என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒருவரும் எழுதவில்லை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் சந்தோஷமாகச் சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணம் முடிந்த வீட்டில் ஆல்பம் வந்ததா, வீடியோ வந்ததா என்றுதான் பேச்சு. சாவு நடந்த வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பான். நன்றி சொல்ல அவனுக்கு யாராவது ஒரு ஆள் வேண்டும்.

குறுவை அறுப்பு முடிகிற சமயத்தில், ஒருநாள் போனில் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். 'பாபநாசம், கும்பகோணம் வட்டாரத்தில் இறுதிச் சடங்கு மற்றும் பதினாறாம் நாள் காரிய உணவுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுபவர்' என்று மாஸ்டரின் பேரை முதலாவதாகச் சொன்னது. கெட்டுப்போன உணவு என்ற பேச்சே இல்லை. அவர் ஒரு தூக்கு நிறைய அசோகா அல்வா கிண்டிக்கொண்டு வந்து, நெய் சொட்டச் சொட்ட என் மேசைமேல் வைத்தார். அவருக்குத் தொடர்ந்து அழைப்பு வந்தது. மண்டபத்துக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் பெண்களுக்கும் வேலை குறையவில்லை. எனக்குக் கழுத்து வலி இருந்தது, ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாக இருந்தேன்.

வந்த அழைப்பு அத்தனையும் சாவு வீடு என்பதை நாங்கள் இருவருமே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தோம். முன்பு ஒன்றிரண்டாவது வந்துகொண்டிருந்த கல்யாணமும் நின்றுவிட்டது. கல்யாணச் சமையலுக்கு இவர் எப்படி என்று கேட்டால், 'இவர் முதன்மையாகத் துக்க நிகழ்வுகளுக்கு அறியப்படுபவர்' என்று அது பதில் சொல்லி, வேறு பேர்களைக் காட்டியது. நான் விடவில்லை. பழைய கல்யாணப் படங்களைத் தேடிப் போட்டேன். சீர்வரிசை, வளைகாப்பு, பந்தல் என்று எழுதித் தள்ளினேன். அந்தச் சனியன் அசையவே இல்லை. துக்கத்தைப் பற்றி அத்தனை பேர் உருகி எழுதியிருக்கும்போது, நான் ஒருத்தி எழுதுவதை அது ஏன் நம்பப்போகிறது?

அந்தப் போர்டில் நல்லது, கெட்டது என்ற இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு நின்றன. நேற்று எந்த வீட்டில் சமைத்தாய் என்று கல்யாண வீட்டுக்காரர் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தில்தான் அவர் பிழைப்பு நடந்தது. நாங்கள் அதை விளக்கமாக எழுதிவிட்டோம்.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். சமையல் யார் என்ற கேள்வியே என் மனதில் எழவில்லை, மாஸ்டர்தான். இந்த யந்திரத்தின் மூஞ்சியில் கரியைப் பூசுவதற்கும் இது ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கும்பகோணத்திலிருந்து கூப்பிட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. சமையல்காரர் பேரைச் சொன்னீங்கள்ல, பையன் போன்ல பாத்தான். காரியத்துக்குச் செய்யறவர்னுல்ல வருது?"

"எல்லா மாஸ்டரும் ரெண்டுக்கும் செய்யறவங்கதாங்க. உங்க பெரிய பையன் கல்யாணத்துக்குச் செஞ்சவரு மட்டும் சாவு வீட்டுல அடுப்பு மூட்டினதே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் பேசுகிற பேச்சா அது? என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கையைக் கையைக் காட்டினார்.

"இருக்கலாம்ங்க. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் அந்த அம்மா. கெட்டவர் இல்லை. பயந்தவர்.

யார் என்ன சொன்னாலும் சரி என்று, மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அச்சாரம் கொடுக்க மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் பக்கமே நகர்த்திவிட்டார்.

"வேணாம்க்கா."

"அவங்க சொன்னது உங்க காதுக்கு வந்துடுச்சா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நானும்தான் போன்ல பாக்கறேன். நாளைக்கே பாப்பாவுக்கு ஒரு தலைவலின்னாலும் என் சமையலத்தான் சொல்லுவாங்க. அந்தப் புள்ள நல்லா இருக்கணும்க்கா."

"மாஸ்டர், எம்பொண்ணு காதுகுத்துக்கு நீங்கதானே சமைச்சீங்க?"

"அப்ப நான் ரெண்டுக்கும் செய்யறவன்" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். யந்திரம் சொன்னதை ஊர் நம்பியது பற்றிக்கூட எனக்கு அத்தனை வருத்தமில்லை. அவரே நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம் சம்பா கதிர் முற்றிக் கிடந்தது, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு மனைவியோடு வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி. பந்தியில் ஓரமாக உட்கார்ந்து, யாரோ சமைத்ததைச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ரசம் நல்லா வந்திருக்கு" என்று அந்தச் சமையல்காரருக்காகப் பாராட்டினார். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டு எண். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அவரை இப்போது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். சுற்றி இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பாயசம் வந்துகொண்டிருந்தது. இலையை மடக்கிவிட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, வாழைமரம் கட்டியிருந்த வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார்.

தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். அவர் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். "அழாதீங்க தம்பி... எப்ப ஆச்சு?... நீங்க வந்து சேருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டார். பையை நீட்டினேன். வாங்கவில்லை.

"இதப் பேசிக்கிட்டே அத வாங்கக்கூடாதுக்கா. வீட்டுக்காரிகிட்ட குடுத்துடுங்க. நீங்க உள்ள போங்க, நல்லது நடக்கற இடம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். எத்தனை பேருக்கு இலை போட வேண்டியிருக்கும் என்று அவர் கேட்பது மட்டும் எனக்குக் கேட்டது.

மகள் கல்யாணத்தில் அம்மா அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மண்டப வாசலிலேயே நின்று அழுதேன்.